நார்வன் மரத்தின் அடித்தளிர்

ஃபர்வர்தீன் 25

மருமகள் தூரானுக்கு மாமியார் கௌகப் எழுதுவது.

நலமா? உன் அப்பா யதுல்லாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் இருக்கிறேன்.

இதை நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். கடைக்கார மஹ்தியிடம் சொல்லி எழுத வைத்தால் நான் சொல்லாததையெல்லாம் சேர்க்கிறான். போன தடவை "கண்ணீர் ஆறாக ஓடுகிறது" என்று எழுதிவிட்டு வாசித்துக் காட்டினான். "அப்படி ஒண்ணும் ஓடலையேடா" என்றேன். "எழுத்துன்னா அப்படித்தான் வரணும் அத்தை" என்றான். கிழித்துப்போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

புத்தாண்டு வந்து போனது. சாவு விழுந்த வீட்டுக்கு முதல் புத்தாண்டு என்று ஊரே வந்து உட்கார்ந்தது. தேநீர் கொடுத்தேன், அல்வா வைத்தேன். என்ன பேசினார்கள் என்று ஞாபகம் இல்லை. அவர்கள் போன பிறகு மிச்சத்தை வாயில் வைத்தபோதுதான் அல்வாவில் சர்க்கரையே போடவில்லை என்று தெரிந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் தின்றிருக்கிறார்கள்.

என் பிள்ளை பராத்தின் இன்னொரு வெள்ளை உடுப்பு நார்வன் மரத்துக் கொடியிலேயே கிடக்கிறது. ஒன்றைப் போட்டுக்கொண்டு தண்ணீர் வரும் கனாத்துச் சுரங்கத்துக்குள் இறங்கினான். ஒன்றை நான் துவைத்துக் காயப்போட்டிருந்தேன். பனிக்காலம் முழுக்க விறைத்துக் கிடந்தது, இப்போது இளகியிருக்கிறது. இருட்டுச் சுரங்கத்துக்குள் போகிறவர்களுக்கு வெள்ளை எதற்கு என்று நீ கல்யாணமாகி வந்த புதிதில் கேட்டாய். "மேல வந்தா உடுப்பு, வரலைன்னா பொதைக்கற கஃபன் துணி. ஒரு செலவு மிச்சம் பாரு" என்று கிணற்று மேஸ்திரி உஸ்தாத் சஃபர் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

ஒரு விஷயம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மற்றவர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் புதைக்கிறார்கள். மலையடிவாரத்தில் கனாத்து தொடங்குகிற அந்தத் தாய்க்கிணற்று வாயைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்துவிட்டு, "தோண்டத் தோண்டச் சரியுது தாயி, இனி இதுதான் அவன் கபர்" என்று எனக்குக் காட்டினார்கள். நீயும் பக்கத்தில் நின்றாய். முகத்தை நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் பூமிக்கடியிலேயே வந்து நம் முற்றத்தில் வெளியே வருகிறது. அதன் கரையில்தான் நார்வன் நிற்கிறது.

இந்த மாதம் அதன் அடியில் மண்ணைப் பிளந்துகொண்டு தளிர்கள் வந்திருக்கின்றன. மேலே குடையாகக் கவிந்த கிளைகளில் இல்லை. அடியில், மண்ணுக்குள்ளிருந்து. இத்தனை வருஷத்தில் அப்படி வந்து நான் பார்த்ததில்லை. கனாத்திலிருந்து மேலே ஏறி வரும்போது முதலில் அவன் கைதான் தெரியும். அந்த மாதிரி வந்திருக்கின்றன.

உனக்கு மட்டும் சொல்கிறேன். அவன் எனக்கு எதையோ அனுப்புகிறான்.

கௌகப்


உர்திபெஹெஷ்த் 11
துர்பத்

அன்புள்ள அம்மாவுக்கு தூரான் எழுதுவது.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் பயந்துவிட்டேன். மஹ்தி எழுதாமல் நீங்களே எழுதினால் ஏதோ பெரிய விஷயம் என்று நினைத்தேன். கோணல் ஒன்றும் இல்லை. நன்றாகப் படிக்க முடிந்தது.

அப்பாவின் முழங்கால் அப்படியே இருக்கிறது. குந்தி உட்கார முடியாததால் மரங்களுக்கு ஒட்டுக் கட்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து சேறு பூசிக் கொடுக்கிறேன். நகராட்சிக்காரர்கள் புதுத் தெரு முழுக்கக் குடை நார்வன்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் வந்து இதை வெளிநாட்டுப் புத்தகத்தில் எல்ம் என்று போட்டிருப்பதாகச் சொன்னார். "பேரு என்னவா இருந்தா என்ன சார், நெழலுக்குக் காசு ஒண்ணுதான்" என்றார் அப்பா.

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். மரத்தைப் பற்றிய இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டே?"

"எழுத்து புரியலப்பா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கத்தியைத் தீட்டப் போய்விட்டார்.

நாற்பதாம் நாள் முடிந்ததும் நான் கிளம்பி வந்ததை நீங்கள் மறக்கவில்லை என்று தெரியும். பஸ் ஏறும்போது நீங்கள் வாசலுக்கு வரவில்லை. அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது அம்மா. முற்றத்தில் இராப்பகலாக அந்தத் தண்ணீர்ச் சத்தம். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். அந்தத் தளிர்களின் இலை எப்படி இருக்கிறது? மேலே குடையில் இருப்பது போலச் சின்ன இலையாக, நெருக்கமாகவா? அல்லது பெரிசாக, விட்டு விட்டு இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். சர்க்கரை போட மறக்காதீர்கள்.

தூரான்


குர்தாத் 20

தூரானுக்கு கௌகப் எழுதுவது.

இலை பெரிசு. உள்ளங்கை அகலம். விட்டு விட்டுத்தான் இருக்கிறது. ஆனால் என்ன வேகம்! முழங்கால் வரை இருந்தது, இப்போது என் இடுப்பைத் தாண்டிவிட்டது. குடை மாதிரி மேலே போய்ச் சுருண்டு உட்காரவில்லை. நேராக நிமிர்ந்து போகிறது. பராத்தும் சின்ன வயதில் அப்படித்தான், ஒரே வருஷத்தில் அவன் அப்பாவை எட்டிப் பிடித்துவிட்டான்.

கனாத்தில் தண்ணீர் குறைந்துவிட்டது. சரிந்த மண்ணைச் சுற்றிக்கொண்டு வருவதால் பாதிதான் வருகிறது. முறை வைத்துத் தருகிறார்கள். நான் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் தளிர்களுக்கே ஊற்றுகிறேன்.

பக்கத்து வீட்டு ஹாஜர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னக்கா, ஒங்க மரத்துக்குக் காலுல முடி மொளைச்சிருக்கு?" என்றாள். அவள் வாய் உனக்குத் தெரியும். நான் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன். சிரிக்கவில்லை. சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்து முக்காட்டு ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினாள்.

"என்னடி பண்றே?"

"எங்க வீட்டுக்காரரையும் சனிக்கெழமை அதே கனாத்துக்குத்தான் எறக்குறாங்க. மண்ணு அள்ளணுமாம். ஒங்க பராத் உள்ளேர்ந்து கொஞ்சம் பாத்துக்கட்டும்."

ஒரு தளிரில் கட்டிவிட்டுப் போனாள். அவள் புருஷன் சனிக்கிழமை நல்லபடியாகத் திரும்பி வந்தான். அதற்குப் பிறகு கிணற்று வேலைக்காரர்களின் பெண்டாட்டிகள் எல்லோரும் வருகிறார்கள். பச்சை நூல், சிவப்பு நூல், கிழித்த துணி. நான் யாரையும் கூப்பிடவில்லை. வருகிறவர்களைத் தடுக்கவும் இல்லை. வந்தால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுகிறார்கள். அது நன்றாகத்தான் இருக்கிறது.

மெஹ்ர் மாதத்தில் என்றைக்கு வருஷச் சாப்பாடு வைக்கிறோம் என்று உன் அப்பா லாரிக்காரனிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அவரிடம் சொல்லிவிடு. வருஷச் சாப்பாடு கிடையாது. வருஷம் யாருக்கு வைப்பது? முகத்தைப் பார்க்காதவனுக்கா? உன் கறுப்பைக் களைவதற்கு வண்ணத் துணி எடுத்துக்கொண்டு நான் இப்போது வரப்போவதில்லை.

கௌகப்


தீர் 9
துர்பத்

அம்மாவுக்கு,

நான் இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தளிர்களை வெட்டிவிடுங்கள்.

அது குடை நார்வன் இல்லை. கீழே இருப்பது காட்டு நார்வன். உங்கள் முற்றத்தில் முதலில் இருந்தது அதுதான். அப்பா அதன் தலையை வெட்டிக் குடை நார்வன் குச்சியைச் செருகி ஒட்டுக் கட்டினார். ஆள் உயரத்தில் மரத்தைச் சுற்றி ஒரு வீக்கம் இருக்கிறதே, அதுதான் ஒட்டு. அதற்கு மேலே உள்ளதுதான் நிழல் தருவது. அதற்குக் கீழே எது முளைத்தாலும் காட்டு மரம்தான். விட்டால் தண்ணீரையெல்லாம் அதுவே குடித்துவிடும். உங்கள் கடிதத்தை முழுசாகவே அப்பாவிடம் வாசித்தேன். "தண்ணி வேற கொறஞ்சு போச்சுங்கிறா. இந்தக் கோடையத் தாங்காது. அந்தம்மாவ உடனே வெட்டச் சொல்லு. வெட்டுன எடத்துல சேத்த அப்பச் சொல்லு" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறகு யாரோ சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாது. இங்கே ரொட்டிக்கடை வைத்திருக்கிற அமானுல்லா அப்பாவிடம் என்னைப் பெண் கேட்டிருக்கிறார். மனைவி பிரசவத்தில் போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்பா, "அவ மாமியா வந்து கறுப்பக் களையாம எனக்குப் பேச வாயில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நம் வழக்கம் அதுதானே.

கறுப்பில் நான் ரொட்டிக்கடைக்குப் போனால் வரிசையில் நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எனக்கு வழி விடுகிறார்கள். எல்லோருக்கும் முன்னால் ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். அம்மா, எனக்கும் ஒரு நாள் வரிசையில் நிற்க வேண்டும் போல இருக்கிறது.

என்மேல் கோபப்பட்டாலும் சரி, தளிர்களை வெட்டிவிடுங்கள்.

தூரான்


தீர் 28

தூரானுக்கு.

உன் கடிதம் கிடைத்தது. முதலில் தளிரை வெட்டச் சொல்கிறாய், அடுத்த வரியில் ரொட்டிக்கடைக்காரன் வருகிறான். எனக்குப் படிப்பு கொஞ்சம்தான். ஆனாலும் ஒரு வரிக்கு அடுத்த வரி எதற்கு வருகிறது என்று தெரியும்.

ஒட்டுக் கட்டியது எனக்குத் தெரியாதா? நான் மஷ்ஹத் தர்காவுக்கு ஜியாரத் போயிருந்த சமயம் பார்த்து உன் அப்பா வந்து என் மரத்தின் தலையை வெட்டினார். திரும்பி வந்து பார்த்தால் முற்றத்தில் மொட்டைக் கம்பம் நிற்கிறது. நான் பேசிய பேச்சு அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். அவரிடம் ஒன்று கேட்டுச் சொல். ஒட்டுக் கட்டி இத்தனை வருஷமாகிறது. காட்டு மரம் அடியில் முளைக்கும் என்றால் ஒரு வருஷமாவது முளைத்திருக்க வேண்டாமா? ஒரு தளிர் வந்ததுண்டா? நான் தினமும் அங்கேதான் துணி துவைக்கிறேன். ஒன்றுகூட வந்து நான் பார்த்ததில்லை. அவன் போன பிறகுதான் வந்திருக்கிறது. அது ஏன்? அதற்கு உன் அப்பாவின் கத்தி பதில் சொல்லட்டும்.

என் பிள்ளையை ஒரு தடவை மூடினார்கள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு தடவை என் கையாலேயே வெட்டச் சொல்லாதே.

கௌகப்


ஷஹ்ரிவர் 2
துர்பத்

அம்மா,

நீங்கள் கேட்டதற்கு அப்பாவின் கத்தி பதில் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்கிறேன். சொல்ல வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் சும்மா இருந்தேன்.

ஒவ்வொரு வருஷமும் முளைத்தது. ஒவ்வொரு வருஷமும் பராத் வெட்டினார்.

புத்தாண்டு முடிந்து வேலைக்குப் போகத் தொடங்கும் சமயத்தில் வெட்டுவார். காலையில் நீங்கள் மாவு பிசைந்துகொண்டிருப்பீர்கள். அவர் முகம் கழுவக் கால்வாயடியில் உட்காருவார். மண்ணைக் கொஞ்சம் விலக்கிக் கத்தியால் சீவிவிட்டு மண்ணை மூடிவிடுவார். விரல் நீளம்கூட வளர விட்டதில்லை, அதனால்தான் உங்கள் கண்ணில் பட்டதே இல்லை. ஒட்டுக் கட்டிய அன்றைக்கே அப்பா அவரிடம் சொல்லிவிட்டுப் போனாராம், "இத மட்டும் மறந்துடாதே தம்பி" என்று. கல்யாணமான முதல் வருஷம் நான், "அம்மாகிட்ட சொன்னா அவங்க செய்ய மாட்டாங்களா? துணி தொவைக்க அங்கதானே உக்கார்றாங்க" என்று கேட்டேன். "அம்மாகிட்டயா? மரத்து மேல மறுபடி கத்தி வெச்சேன்னு தெரிஞ்சா வெட்டறது மரத்த இல்ல, என்னைத்தான்" என்று சிரித்தார்.

இந்த வருஷம் அவர் அனுப்பி அவை வரவில்லை அம்மா. வெட்ட அவர் இல்லை. அதனால் வந்திருக்கின்றன.

மன்னித்துக்கொள்ளுங்கள். நம்ப முடியவில்லை என்றால் அடியில் மண்ணை விலக்கிப் பாருங்கள்.

ரொட்டிக்கடை விஷயத்தை நான் இனி எழுத மாட்டேன். நீங்கள் துணி கொண்டு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. கறுப்பிலேயே இருந்துவிடுகிறேன். அந்தத் தளிர்களை மட்டும் வெட்டிவிடுங்கள். அந்தக் குடைக்கடியில்தான் நாங்கள் கோடைக்காலத்தில் படுத்துக் கிடப்போம். அதற்குள் மழையே இறங்காது. அது போய்விட்டால் என்னிடமும் ஒன்றும் இல்லை.

தூரான்


மெஹ்ர் 4

மருமகள் தூரானுக்கு கௌகப் எழுதுவது.

உன் கடிதத்தை ஒரு தடவை படித்துவிட்டு அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டேன். ரொம்ப நாள் எடுக்கவில்லை. சமைத்தேன், கோழிகளை அடைத்தேன், பெண்கள் வந்து நூல் கட்டினார்கள். தளிர்கள் என் தலைக்கு மேலே போய்விட்டன. குடையில் கிழக்குப் பக்கம் இலை மஞ்சளாகி உதிர்ந்தது. நான் உட்காருகிற இடத்தில் வெயில் விழுந்தது. அந்த இடத்தில் வெயில் விழுந்து நான் பார்த்ததே இல்லை. எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தேன். அங்கேயும் வந்தது.

உஸ்தாத் சஃபர் வந்தார். வாசலிலேயே நின்றார். அன்றைக்குப் பிறகு அவர் உள்ளே வருவதில்லை. "தாயி, நீ இன்னும் வருஷம் வைக்கலேன்னா ஊர்ல என்னைத்தான் ஒரு மாதிரி பாக்கறாங்க. உயிரோட மூடிட்டேனோன்னு" என்றார்.

"மூடினீங்களா?"

"மேல கயித்த இழுத்துப் பாத்தேன். கூப்ட்டுப் பாத்தேன். சத்தமே இல்ல தாயி. எறங்கினவங்க மேலயும் மண்ணு விழ ஆரம்பிச்சுது. அப்புறம்தான் மூடினேன்."

அவர் போய்விட்டார்.

அன்றைக்குத் துணி துவைக்க உட்கார்ந்தேன். கை சும்மா மண்ணை விலக்கியது. இருக்கின்றன. தளிர்கள் கிளம்புகிற இடத்தில் வெட்டுத் தழும்புகள். ஒன்றன்மேல் ஒன்றாக, காய்ப்புக் காய்த்த கை மாதிரி. பழையவை கறுத்திருந்தன. மேலே இருந்தது இன்னும் பழுப்பாக இருந்தது. கடைசியாக வெட்டியது அதுதான். அதன் ஓரத்திலிருந்துதான் இந்த வருஷத்துத் தளிர் கிளம்பியிருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன். கத்தியைச் சாய்த்துப் பிடித்துச் சீவியிருக்கிறான். அவன் முள்ளங்கி நறுக்கினால்கூடச் சாய்வாகத்தான் நறுக்குவான், நீ பார்த்திருக்கிறாய்.

நான் அழவில்லை. மஹ்தி எழுதினால் ஆறு ஓடியது என்று எழுதுவான். துணியை அலசிப் பிழிந்து காயப்போட்டேன். பிறகுதான் கத்தி தேடினேன். அவன் கத்தி அவனோடு போய்விட்டது. வெங்காயம் நறுக்குகிற கத்திதான் இருந்தது.

நூல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து ஒரு தட்டில் வைத்துக்கொண்டிருந்தபோது ஹாஜர் வந்துவிட்டாள். கத்தியைப் பார்த்தாள்.

"அய்யோ அக்கா, என்ன பண்றீங்க? ஒங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? எங்க வீட்டுக்காரரு இப்பவும் உள்ளதான் இருக்காரு!"

"தெரியும்."

"பராத் அனுப்பினதுன்னு நீங்கதானே சொன்னீங்க! ஒங்கள நம்பித்தானே நான் கட்டினேன்?"

"அவன் அனுப்பலடி. அவன் இல்ல. அதனாலதான் வந்துச்சு."

இதைச் சத்தம் போட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. ஹாஜர் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நான் வெட்டினேன். கத்தி மழுங்கல், ரொம்ப நேரம் ஆயிற்று. அவள் என்னைத் தடுக்கவில்லை, எனக்கு உதவியும் செய்யவில்லை. பொழுது சாய அவள் புருஷன் மண்ணும் சேறுமாகத் தெருவில் வந்தான். "இங்க என்னடி ஒக்காந்திருக்கே, அடுப்பு யாரு பத்த வெப்பா, உங்கப்பனா?" என்று கத்தினான். அவள் எழுந்து தன் நூலைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். மற்ற நூல்களை நானே வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். சிலர் வாங்கிக்கொண்டார்கள். சிலர் கதவைச் சாத்திவிட்டார்கள். சாத்தட்டும்.

கொடியிலிருந்த வெள்ளை உடுப்பை எடுத்தேன். ஒரு வருஷ வெயிலில் தோளெல்லாம் நைந்துபோயிருந்தது. இனி யாரும் உடுத்த முடியாது. வெட்டிய இடத்தில் உன் அப்பா சொன்ன மாதிரி சேற்றை அப்பி, அதைக் கிழித்துச் சுற்றிக் கட்டினேன். தேவையா இல்லையா தெரியாது. கட்டினேன்.

குடையில் கிழக்குப் பக்கம் காய்ந்தது காய்ந்ததுதான். மற்றது நிற்கிறது. அடுத்த வருஷமும் அடியில் முளைக்குமா என்று உன் அப்பாவிடம் கேட்டுச் சொல். முளைக்கும் என்றுதான் நினைக்கிறேன். கத்தியைத் தீட்டக் கொடுத்திருக்கிறேன். புத்தாண்டு முடிந்ததும் மண்ணை விலக்கிப் பார்க்க வேண்டும். இனி அது என் வேலை.

இருபதாம் தேதி வருஷச் சாப்பாடு. மரத்தடியில் பாய் விரிக்கிறோம். கிழக்குப் பக்கம் உட்காருகிறவர்களுக்குக் கொஞ்சம் வெயில் அடிக்கும். அல்வா ஹாஜர் கிண்டுகிறாள். நேற்று அவளே வந்து, "நீங்க அடுப்புப் பக்கம் போவாதீங்க, போன தடவை சாணி மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாப்பாடு முடிந்த மறுநாள் காலை பஸ்ஸில் நான் துர்பத் வருகிறேன். துணி எடுத்துவிட்டேன். மஹ்தி கடையில் ரோஜாப் பூப் போட்டது ஒன்று, பச்சை ஒன்று இருந்தது. பச்சையை எடுத்தேன். உனக்குப் பிடிக்குமா என்று தெரியாது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் உன்னிடம் கேட்டதில்லை.

ரொட்டிக்கடைக்காரனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வரிசையில் நில்.

பஸ் நிலையத்துக்கு நீ வருவதாக இருந்தால் வேறு யாராவது கொடுத்த துணியைக் கட்டிக்கொண்டு வராதே. கறுப்பிலேயே வா. அதைக் களைய வேண்டியவள் நான்.

கௌகப்